படச் சந்தா பிரயோசனமா இல்லையா எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். வீட்டில நாலு பேர்: அவர், மனிசி, ஓ லெவல் சோதினை எடுக்கப்போற மகள், ஏழு வயசு மகன். நெட்பிளிக்ஸ் மாதிரி இன்டர்நெட்டில படம் பாக்கிற ஆப்புகளுக்கு ரெண்டு படச் சந்தா ஓடுது, ஒண்டு மாசம் 2,600 ரூபா, மற்றது 1,600, மொத்தம் 4,200 கார்ட்டுல தானா வெட்டுப்படுது. மனிசி சொல்றாவாம், நாலு பேரும் ஒருக்கா தியேட்டருக்குப் போய் வந்தாலே இதைவிடக் கூட முடியும், பிறகேன் நிப்பாட்டுவான் எண்டு. இவருக்குக் காசு சும்மா போற மாதிரி ஒரு எண்ணம். இது பிரயோசனமா, வெட்டி விடுறதா எண்டுதான் கேள்வி.

அண்ணா, 4,200 ரூபா கூடவா குறையவா எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை, அது உங்கட வருமானத்தைப் பொறுத்தது. நீங்கள் உண்மையில கேக்கிறது, குடுக்கிற காசுக்கு நாங்கள் பாக்கிறமா, பாக்கேல்லை எண்டா அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு. நான் கனகாலம் ஒரு பாங்கின்ர கார்ட் பகுதியில வேலை செய்தனான், மாசாமாசம் தானா வெட்டுப்படுற காசைப் பத்தின முறைப்பாடுகள்தான் என்ர மேசைக்கு வரும். வாற ஆக்களில அரைவாசிப்பேர் களவு போட்டுது எண்டு நினைச்சு வருவினம், ஸ்டேட்மென்டைத் திறந்து பாத்தா அது தாங்களே எப்பவோ போட்டு மறந்த சந்தாவா இருக்கும். அந்த அனுபவத்தில இருந்துதான் எழுதுறன். படம் நல்லதா கெட்டதா எண்டு சொல்ற தகுதி எனக்கில்லை, காசு போற பாதை மட்டும் தெரியும்.

முதல்ல தியேட்டர் கதையை எடுப்பம், ஏன் எண்டா கனக்க வீடுகளில இதே கதைதான் ஓடுது. சவோய்க்கோ மெஜெஸ்டிக் சிற்றிக்கோ நாலு பேர் போனா டிக்கெட், பொப்கோர்ன், இடைவேளையில சின்னவனுக்கு ஏதும், மழை எண்டா திரும்பி வர திறீவீலர், எல்லாம் கூட்டினா 4,200 தாண்டிப் போகும், அதில அக்கா சொல்றது சரி. ஆனா சந்தா வந்த பிறகு நீங்கள் தியேட்டருக்குப் போறதைக் குறைச்சனீங்களா? இல்லாட்டி சந்தாவை வெட்டினா அந்தக் காசில மாசாமாசம் போகப்போறீங்களா? ரெண்டுக்கும் இல்லை எண்டா அந்த ஒப்பீட்டை விட்டிடுங்கோ. படம் முடிஞ்சு காலி வீதியில கதைச்சுக்கொண்டு நடந்து வாறது ஒரு வெளிக்கிடல், அது வேற சாமான். சந்தா இல்லாத இரவில உங்கட வீட்டில என்ன நடக்குமோ அதோடதான் சந்தாவை ஒப்பிட வேணும். சில வீடுகளில அது யூடியூப், சில வீடுகளில டிவி சீரியல், சில வீடுகளில ஒண்டுமே இல்லை, எல்லாரும் ஆளாளுக்கு போனை வச்சுக்கொண்டு இருக்கினம். சும்மா கிடைக்கிற அதுகளைவிட சந்தா எவ்வளவு கூடத் தருது எண்டதுக்குத்தான் நீங்கள் 4,200 குடுக்கிறீங்கள்.

இனி அளக்கிற வழி. கனக்க ஆப்புகளில பாத்த படங்களின்ர வரலாறு எண்டு ஒரு பக்கம் இருக்கும், ஒவ்வொருத்தர்ட புரொஃபைலுக்கும் தனித்தனியா, திகதியோட. அதைத் திறந்து கடைசி ரெண்டு மாசத்தை எடுங்கோ. ஒரு கொப்பியில ரெண்டு கோடு போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: இந்தப் படத்துக்கு மட்டும் தனியா 400 ரூபா கட்டினாத்தான் பாக்கலாம் எண்டு இருந்திருந்தா, அண்டைக்கு இரவு நான் கட்டியிருப்பனா? ஓம் எண்டா ஒரு பக்கம், இல்லை எண்டா மற்றப் பக்கம். 400 எண்டது நான் சும்மா போட்ட தொகை, உங்கட வீட்டுக்கு 300 சரியா இருக்கலாம், 600 சரியா இருக்கலாம், ஆனா ஒரு தொகையை முதலே முடிவெடுத்துப்போட்டு லிஸ்டைத் திறவுங்கோ, லிஸ்டைப் பாத்த பிறகு தொகையை முடிவெடுத்தா மனசு தனக்கு விருப்பமான பக்கத்துக்கு இழுத்துப்போடும். இருவது நிமிசத்தில நிப்பாட்டின படம் இல்லைப் பக்கம். சமைக்கேக்க சத்தத்துக்குப் போட்டதும் இல்லைப் பக்கம்தான். ஒரு சீரிஸை முழுசா விரும்பிப் பாத்திருந்தா அதை ரெண்டு மூண்டு படமா எண்ணலாம், அதில நியாயம் இருக்கு.

தெஹிவளையில எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தோட இருந்து இதைச் செய்து பாத்தன், மாசம் 2,400 ரூபா சந்தா. தகப்பன்ர புரொஃபைலில ஆறு படம் தெரியுது, நாலு அரைகுறை, எல்லாம் இரவு பதினொண்டரைக்குப் பிறகு தொடங்கினது, ஆள் நித்திரையாப் போயிருக்கிறார். தாயின்ர புரொஃபைலில ஒரு கொரிய சீரிஸ், ரெண்டு சனி ஞாயிறில முழுசா முடிச்சிருக்கிறா, அதுக்குப் பிறகு ஒரு மாசம் ஒண்டுமே இல்லை. பிள்ளையின்ர புரொஃபைலில ஒரே காட்டூன் திருப்பித் திருப்பி. டிசம்பர் விடுமுறை மாசத்தில ஓம் பக்கம் எட்டு விழுந்துது, எட்டு நானூறு 3,200, சந்தா 2,400, ஆகவே 800 ரூபா லாபம். ஜனவரியில ஓம் பக்கம் ரெண்டே ரெண்டு, 800 ரூபாக்குப் பாத்திட்டு 2,400 கட்டியிருக்கினம், 1,600 நட்டம். ரெண்டு மாசத்தையும் சேர்த்துப் பாத்தா 800 நட்டம், ஆகவே வெட்டுவம் எண்டு தகப்பன் சொன்னார், டிசம்பர் எவ்வளவு நல்லா இருந்தது எண்டு தாய் சொன்னா. ரெண்டு பேரும் சரிதான். டிசம்பருக்குக் கட்டி ஜனவரிக்குக் கட்டாம விட்டிருந்தா ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

நான் சொல்ல வாறதும் அதுதான். சந்தா பிரயோசனமா இல்லையா எண்டு ஒருக்கா முடிவெடுத்து வருசக்கணக்கா அதோட இருக்கிற விசயம் இல்லை இது, ஒவ்வொரு மாசமும் தனித்தனியா எடுக்க வேண்டிய முடிவு. வேணும் எண்ட மாசம் போடுறது, வேண்டாம் எண்ட மாசம் நிப்பாட்டுறது. பழைய வீடியோ கடைக் காலத்தில இந்த முடிவை ஒருத்தரும் யோசிச்சு எடுக்கத் தேவையில்லாம இருந்தது. கசற்றை எடுத்தா நாளைக்குத் திருப்பிக் குடுக்க வேணும், பிந்தினா மற்ற நாளுக்கும் காசு, ஆகவே இண்டைக்கு இரவு பாக்கிறதுக்கு ஆள் இருந்தாத்தான் எடுப்பம், எடுத்தா நித்திரை முழிச்செண்டாலும் பாத்து முடிப்பம். மாசச் சந்தாவில அந்தத் திகதி இல்லாமப் போட்டுது. அமெரிக்காவில நெட்பிளிக்ஸ் 1998இல டிவிடியைத் தபாலில வாடகைக்குக் குடுக்கத் தொடங்கேக்க அவையும் ஒவ்வொரு டிவிடிக்கும் தனிக்காசுதான் வாங்கினவை, 1999இலதான் மாசச் சந்தாவுக்கு மாறினவை, திருப்பிக் குடுக்கிற திகதியும் தண்டமும் இல்லை எண்டதைத்தான் பெரிசாச் சொல்லி வித்தவை. அந்த டிவிடி வியாபாரம் 2023 செப்டெம்பரில மூடியாச்சு, ஆனா திகதி இல்லாத மாசக்காசு எண்ட ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவிட்டுது. வாடிக்கையாளருக்கு வசதிதான், பொய்யில்லை. ஆனா பாக்காத ஆளும் கட்டிக்கொண்டே இருப்பார் எண்டதும் அதுக்குள்ள இருக்கு.

இது என்ர ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில மூண்டு ஜிம்களில 7,752 உறுப்பினர்களின்ர மூண்டு வருசப் பதிவுகளை வச்சு டெல்லாவின்யா, மால்மென்டியர் எண்ட ரெண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2006இல வெளிவந்தது. மாசம் 70 டொலருக்கு மேல கட்டின ஆக்கள் சராசரியா மாசத்துக்கு 4.3 தரம்தான் போயிருக்கினம், அதாவது ஒரு தரத்துக்கு 17 டொலருக்கு மேல. அதே ஜிம்மில பத்துத்தர பாஸ் எடுத்திருந்தா ஒரு தரத்துக்கு 10 டொலர்தான். போடேக்க எல்லாரும் இனி அடிக்கடி போவன் எண்டு நம்பித்தான் போடுறது. படத்துக்கே நேரடியா ஒரு ஆய்வும் இருக்கு: அவுஸ்திரேலியாவில குயிக்ஃபிளிக்ஸ் எண்ட டிவிடி வாடகைக் கம்பனியின்ர தரவுகளைப் பாத்தா, ஆவணப்படம் மாதிரிப் பாக்க வேணும் எண்டு நினைச்சு எடுக்கிறதுகளைச் சனம் சண்டைப்படங்களைவிடக் கூட நாள் வீட்டில வச்சிருந்திட்டுத்தான் திருப்பி அனுப்பியிருக்கினம், 2009இல வந்தது அது. உங்கட ஆப்பில பிறகு பாக்கலாம் எண்டு சேர்த்து வச்சிருக்கிற லிஸ்டைத் திறந்து பாருங்கோ, உதே கதையா இருக்கும். ஆகவே அந்த லிஸ்டு நீளமா இருக்கிறதைச் சந்தாவை வச்சிருக்கிறதுக்குக் காரணமா எடுக்காதீங்கோ. பாத்து முடிச்சது மட்டும்தான் கணக்கு.

இன்னொண்டு எனக்குத் தொழிலோட கிட்டவா இருக்கு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து லிரான் ஐனாவும் ரெண்டு கூட்டாளிகளும் கார்ட் தரவுகளை வச்சு பிரபலமான பத்துச் சந்தாச் சேவைகளைப் பாத்திருக்கினம். கார்ட் காலாவதியாகி புதுக் கார்ட் வாற மாசத்தில சந்தாவை நிப்பாட்டுற ஆக்களின்ர தொகை சடாரெண்டு ஏறுது. புது நம்பரைப் போடுங்கோ எண்டு கேக்கேக்கதான் ஆள் முதல்தரமா யோசிக்குது, இது எனக்கு வேணுமா எண்டு. சனம் இப்பிடி யோசிக்காம இருக்கிறதால மட்டும் விக்கிறவைக்கு வருமானம் சேவையைப் பொறுத்து 14 வீதத்தில இருந்து 200 வீதத்துக்கும் மேல கூடுது எண்டு கணக்குக் காட்டியிருக்கினம். இதெல்லாம் அமெரிக்காவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் எடுத்த அளவுகள், கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு அதே இலக்கங்கள் பொருந்தும் எண்டு நான் சொல்லமாட்டன், எங்கட ஆக்கள் மாசக் கணக்கைக் கொஞ்சம் கூடக் கவனிக்கிற ஆக்கள் எண்டும் ஒருத்தர் வாதாடலாம். ஆனா அது போற திசை, என்ர மேசைக்கு வந்த முறைப்பாடுகளோட ஒத்துப்போகுது.

இனி விலை. ஆப்பில டொலரில போட்டிருக்கிற விலை உங்கட ஸ்டேட்மென்டில வாற விலை இல்லை. மாசம் 8 டொலர் எண்டு ஒரு சந்தாவை எடுத்தா, 2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபாவைச் சுத்தி நிக்கேக்க அது 1,600 ரூபா, மே மாசம் 360 ஆகேக்க அதே சந்தா 2,880. கம்பனி ஒரு சதம் கூட்டேல்லை. அதுக்கு மேல பாங்க் போடுற மாற்று விகிதம் மத்திய வங்கி காட்டுற நடு விகிதத்தைவிடக் கூடத்தான் இருக்கும், வெளிநாட்டுக் கொடுப்பனவு எண்டபடியா கிரெடிட் கார்ட்டுல முத்திரைத் தீர்வையும் ஏறும். வற் வரி 2024 ஜனவரியில 15 வீதத்தில இருந்து 18 வீதமானது தெரியும்தானே, வெளிநாட்டில இருந்து வாற டிஜிட்டல் சேவைகளிட்டயும் அதை அறவிடுறதுக்கு 2025இல சட்டம் திருத்தினவை, தொடங்கிற திகதியைப் பிறகு பின்னுக்குத் தள்ளினவை. 2,400 ரூபாச் சந்தாவுக்கு 18 வீதம் எண்டா 432 ரூபா, மொத்தம் 2,832. ஆகவே கணக்குப் போடேக்க ஆப்பில இருக்கிற தொகையை எடுக்காதீங்கோ, கடைசி மூண்டு மாச ஸ்டேட்மென்டில இருக்கிற ரூபாத் தொகையை எடுங்கோ.

டேட்டாவையும் விடேலாது. நெட்பிளிக்ஸே சொல்ற அளவு, சாதாரணத் தரத்தில மணித்தியாலத்துக்கு 1 ஜிபி வரை, எச்டி எண்டா 3 ஜிபி வரை, 4கே எண்டா 7 ஜிபி வரை. எங்கட தமிழ்ப் படம் ஒண்டு ரெண்டரை மணித்தியாலம் எண்டு வச்சா எச்டியில ஏழு எட்டு ஜிபி போகும். வீட்டில ஃபைபர், அளவில்லாத பக்கேஜ் எண்டா இந்தப் பந்தியை விட்டிட்டுப் போங்கோ. 40 ஜிபி பக்கேஜ் எண்டா எச்டியில அஞ்சு படத்தோட மாசம் முடிஞ்சுது, மகள் சூமில வகுப்புக்குப் போக டேட்டா இல்லை. சந்தாவில காசு மிச்சம் பிடிச்சன் எண்டு நினைச்ச கனபேருக்கு டேட்டா டொப் அப்பில அந்தக் காசு போயிருக்கு, அதை வேற கணக்கில எழுதுறபடியா தெரியாது. நடுச்சாமத்துக்குப் பிறகு தனியா டேட்டா தாற பக்கேஜ் எண்டா இரவில போனுக்கு டவுன்லோட் பண்ணி வச்சு பகலில பாக்கலாம், போனுக்குச் சாதாரணத் தரமே காணும்.

என்ன படம் இருக்கு எண்டதில ஆக்கள் ஏமாறுறது கூட. இந்தியாவில ஒரு ஆப்பில வந்த படம் இலங்கையில அதே ஆப்பில இருக்கும் எண்டு இல்லை, உரிமையை நாட்டுக்கு நாடு தனித்தனியா விக்கிறவை. சென்னை யூடியூப் சனல்காரர் இந்த வெள்ளிக்கிழமை இன்ன ஆப்பில வருது எண்டு சொன்னா அது இந்தியாவுக்குச் சொன்னது. புதுத் தமிழ்ப் படத்துக்காகத்தான் சந்தா எண்டா, தியேட்டருக்கு வந்து நாலு கிழமைக்குப் பிறகு ஆப்புக்கு வாறதுதான் இப்ப பொதுவான வழக்கம், ஹிந்தியில எட்டுக் கிழமை, ஆகவே படம் ஆப்புக்கு வந்திட்டுது எண்டு இலங்கையில இருக்கிற ஆரையாவது கேட்டு உறுதிப்படுத்தின பிறகு ஒரு மாசம் போடுங்கோ, முதலே போட்டுக் காத்திருக்காதீங்கோ. கனடாச் சித்தப்பாவைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, அவருக்குத் தெரியிற லிஸ்டு கனடா லிஸ்டு. சித்தப்பான்ர அக்கவுண்டிலயே பாக்கிறம் எண்டு சொல்ற வீடுகளும் இருக்கு, ஆனா நெட்பிளிக்ஸ் 2023இல இருந்து ஒரு அக்கவுண்ட் ஒரு வீட்டுக்குத்தான் எண்டு இறுக்கிட்டுது, காசு கட்டி மேலதிக ஆளைச் சேர்க்கிறது எண்டாலும் அந்த ஆள் அதே நாட்டில இருக்க வேணும். இப்ப ஓடுது எண்டா ஓடுற வரைக்கும் ஓடும், அதை நம்பிக் கணக்குப் போடாதீங்கோ. பழைய தமிழ்ப் படம்தான் கூடப் பாக்கிறீங்கள் எண்டா உரிமை வச்சிருக்கிற கம்பனிகளே யூடியூப்பில முழுப்படம் போட்டிருக்கினம், விளம்பரம் வரும், ஆனா காசில்லை. அம்மம்மாக்களுக்கு அதுவே காணும்.

டெலிகிராமில எல்லாம் சும்மா வருது, பிறகேன் இவ்வளவு கணக்கு எண்டு கீழ வந்து எழுதுவினம், அதுக்கும் சொல்லிப்போடுறன். படம் எடுத்தவைக்கு ஒரு சதமும் போகாது, அது ஒண்டு. மற்றது படம் பாக்கிற ஆப் எண்டு அனுப்புற கோப்பைப் போனில இறக்கி, அது மெசேஜ் வாசிக்க அனுமதி கேக்க ஓம் எண்டு குடுத்து, பாங்கில இருந்து வாற ஓடிபி அப்பிடியே வேற ஆள்ட்டப் போய்ச் சேர்ந்த ஆக்களோட நான் கதைச்சிருக்கிறன். ஓடிபி சரியாக் குடுபட்டிருந்தா அந்தக் காசைத் திருப்பி எடுக்கிறது சரியான கஷ்டம். 2,600 ரூபா மிச்சம் பிடிக்க அந்தப் பக்கம் போகாதீங்கோ.

நிப்பாட்டுற விதத்தையும் சொல்லுறன். ஆப்பைப் போனில இருந்து அழிச்சா சந்தா நிக்காது, இதைத் தெரியாம மாசக்கணக்கா கட்டின ஆக்கள்தான் என்னட்டக் கூட வந்தவை. எங்க போட்டீங்களோ அங்கயே போய் நிப்பாட்ட வேணும், ஆப்பின்ர வெப்சைட்டில போட்டா அங்க, பிளே ஸ்டோரால போட்டா பிளே ஸ்டோரில சந்தா எண்ட பகுதிக்குள்ள. புதுக் கார்ட் எடுத்தா தானா நிண்டிடும் எண்டும் நம்பாதீங்கோ, புது நம்பரை வியாபாரிக்குத் தானாத் தெரியப்படுத்துற ஏற்பாடு கார்ட் நிறுவனங்களிட்ட இருக்கு. நிப்பாட்டினாலும் கட்டின மாசம் முடியும்வரைக்கும் பாக்கலாம் எண்டதுதான் பெரிய சேவைகளின்ர வழக்கம், ஆகவே நான் எல்லாருக்கும் சொல்றது, போட்ட அண்டைக்கே நிப்பாட்டி விடுங்கோ. முப்பது நாள் பாப்பீங்கள், முப்பத்தோராம் நாள் ஆப் திறக்காது, அப்ப வேணும் எண்டா திருப்பிப் போடலாம். இலவசமாத் தாற முதல் மாசத்தில மட்டும் கவனம், சிலதில நிப்பாட்டின உடனேயே பூட்டிப்போடுவாங்கள். திருப்பிப் போட்டா பாத்த இடம் எல்லாம் போயிடுமே எண்டு பிள்ளையள் அழுவினம், நெட்பிளிக்ஸ் பத்து மாசம் வரைக்கும் அதுகளை வச்சிருக்கும், பயப்பிடத் தேவையில்லை. வருசச் சந்தா மலிவு எண்டு காட்டுவினம், அதுக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும்: வருச விலையை மாச விலையால பிரியுங்கோ, எட்டு வந்தா, வருசத்தில எட்டு மாசத்துக்கு மேல நீங்கள் பாக்கிற வீடா இருந்தாத்தான் அது மலிவு. மேல சொன்ன மாதிரி போட்டு நிப்பாட்டிற வீட்டுக்கு அது வராது.

கணக்குக்குள்ள வராததுகளும் இருக்கு. வெளிய போக ஏலாத அப்பாவோ அம்மாவோ வீட்டில இருந்து, பின்னேரத்தில அவைக்கு அதுதான் துணை எண்டா, 400 ரூபாக் கேள்வியை அவையின்ர லிஸ்டுக்குப் போடாதீங்கோ. ஒரு படத்தையே நாலுதரம் பாத்தாலும் அது பிரயோசனம்தான். சின்னப்பிள்ளையின்ர காட்டூனும் கிட்டத்தட்ட அப்பிடி, ஆனா அங்க நான் வேற மாதிரிக் கேப்பன்: ஆப் இல்லாட்டி அவன் எதைப் பாப்பான்? யூடியூப்பில ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தானா ஓடுறதைப் பாப்பான் எண்டா, விளம்பரம் இல்லாம, நீங்கள் தெரிஞ்செடுத்ததை மட்டும் அவன் பாக்கிறதுக்கு நீங்கள் எவ்வளவு குடுப்பீங்கள் எண்டு நீங்களும் அக்காவும் இருந்து ஒரு தொகை சொல்லுங்கோ. அதில வெளியாள் சொல்ல ஒண்டுமில்லை. எனக்கெண்டா மாசம் ஆயிரம் ரூபா பெறுமதி எண்டு தோணும், இன்னொரு தகப்பனுக்கு ஒண்டுமில்லை எண்டு தோணலாம்.

உங்கட வீட்டுக்கு வருவம் அண்ணா. நீங்கள் எழுதினதில இருந்து மட்டும் சொல்றன், லிஸ்டைப் பாக்காமல். ரெண்டு சந்தாவை ஒரே மாசத்தில வச்சிருக்கிறதுக்கு நாலு பேர் வீட்டில, அதுவும் ஒரு பிள்ளை ஓ லெவல் எடுக்கிற வருசத்தில, எனக்கு நியாயம் தெரியேல்லை. பாக்கிற நேரம் ஒண்டுதான், ரெண்டாவது சந்தா வந்தா பாக்கிற நேரம் கூடாது, தேடுற நேரம்தான் கூடும். இந்த மாசம் ஒண்டு, அடுத்த மாசம் மற்றது எண்டு மாறி மாறிப் போட்டா வருசத்துக்குக் கட்டுற 50,400 ரூபா 25,200 ஆகும். மகளுக்குச் சோதினை நடக்கிற மாசமும் அதுக்கு முந்தின மாசமும் ரெண்டும் வேண்டாம், சோதினை முடிஞ்ச அண்டைக்கு அவளுக்கு விருப்பமானதைப் போட்டுக் குடுங்கோ. வரலாற்றுப் பக்கத்தை நீங்கள் தனியாத் திறந்து கணக்குப் போட்டிட்டு அக்காட்ட காட்டாதீங்கோ, அது குற்றம் பிடிக்கிற மாதிரிப் போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து ஆளுக்கொரு தொகையை முதலே எழுதி வச்சிட்டுத் திறவுங்கோ, அவவின்ர தொகை உங்கட தொகையைவிடக் கூட இருந்தா அவவின்ர புரொஃபைலுக்கு அவவின்ர தொகையாலதான் பெருக்க வேணும்.

திறந்து பாத்திட்டு ஓம் பக்கம் எத்தினை, இல்லைப் பக்கம் எத்தினை எண்டு இங்க எழுதுங்கோ, மிச்சத்தைச் சேர்ந்து பாப்பம். ஸ்டேட்மென்டில இருக்கிற தொகையும் ஆப் காட்டுற தொகையும் பொருந்தேல்லை எண்டா முதல்ல உங்கட பாங்கின்ர கார்ட் பகுதிக்கு எடுத்து அந்தத் தொகையைப் பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ, டொலர் எவ்வளவு, எந்த விகிதம், வரி எவ்வளவு எண்டு. அதை அவை சொல்லத்தான் வேணும்.